ஸ்லைடில் ஒன்றுகூட இல்லை

1

நேற்று காலை பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்கப் போயிருந்தேன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை போகவேண்டும். ஊசியை உருவிய பெண் பஞ்சை அழுத்திக்கொண்டே ஜெர்மன் மொழியில் வேகமாக ஏதோ சொன்னாள். நான் "யா, யா" என்று தலையாட்டிவிட்டு எழுந்தேன். கதவு வரை போன பிறகு கால் நின்றுவிட்டது. திரும்பி வந்து, "மன்னிக்கணும், நீங்கள் சொன்னது எனக்குப் புரியவில்லை. இன்னொரு தடவை சொல்லுங்கள்" என்று கேட்டேன்.

அவள் சொன்னது பெரிய விஷயமில்லை. பஞ்சைப் பத்து நிமிடம் எடுக்காதீர்கள் என்றிருக்கிறாள். அவ்வளவுதான். ஆனால் வெளியே வந்து டிராம் நிறுத்தத்தில் உட்கார்ந்து அந்தப் பஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தேன். இந்த நாட்டுக்கு வந்து பத்தொன்பது வருடம் ஆகிறது. இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லக் கற்றுக்கொண்டு ஒரு வருடம்தான் ஆகிறது. இடையில் நான் சாகப் பார்த்தேன். சாகப் பார்த்ததோடு நிற்காமல், திருவண்ணாமலையில் இருக்கிற ஒருத்தர் பிழைப்பிலும் மண்ணைப் போட்டேன். அதை எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

2

எனக்கு முதியோர் இல்லம் ஒன்றின் சமையலறையில் வேலை. எண்பது பேருக்குச் சமைக்கிறோம். ஒவ்வொரு பாத்திரத்திலும் தெர்மாமீட்டரைக் குத்தி, சூடு எவ்வளவு என்று தாளில் எழுதிக் கையெழுத்துப் போடவேண்டும். அறுபத்தைந்து டிகிரிக்குக் கீழே இறங்கினால் பரிமாறக் கூடாது. முதல் வருடம் இதைப் பார்த்துச் சிரித்தேன். பிறகு பழகிவிட்டது. அப்புறம் பெருமையாகவும் ஆகிவிட்டது. ஊருக்குப் போனால் யார் வீட்டுத் தண்ணீரையும் தொடமாட்டேன். சீல் உடைக்காத பாட்டில்தான். பிள்ளை நிதினையும் அப்படியே வளர்த்தேன். அவனுக்கு இப்போது பதினெட்டு வயது. நாங்கள் பேசும் தமிழ் அவனுக்குப் புரியும். பதில் ஜெர்மனில் வரும். ஊர் என்றால் அவனுக்கு வயிற்றுவலி வரும் இடம். அப்படிச் சொல்லிக் கொடுத்தது வேறு யாருமில்லை.

போன வருடத்துக்கு முந்தைய இலையுதிர் காலத்தில் எனக்குப் படபடப்பு வந்தது. சும்மா உட்கார்ந்திருந்தாலும் நெஞ்சு அடித்துக்கொண்டது, எடை இறங்கியது. தைராய்டு ஜாஸ்தியாகச் சுரக்கிறது என்றார் டாக்டர். கழுத்தைத் தடவிப் பார்த்துவிட்டு ஒரு மாத்திரை எழுதினார். எழுதும்போதே இரண்டு மூன்று விஷயங்களைக் கடகடவென்று சொன்னார். நான் வழக்கம்போலத் தலையாட்டினேன். புரியவில்லை என்று சொன்னால் எதிரில் இருப்பவர் முகத்தில் ஒரு பொறுமை வரும். அந்தப் பொறுமையைப் பார்க்கப் பிடிக்காமல்தான் நாங்கள் பாதிப் பேர் இங்கே தலையாட்டிக்கொண்டு வாழ்கிறோம்.

டிசம்பரில் ரத்தப் பரிசோதனைக்கு நாள் கொடுத்திருந்தார்கள். அன்றைக்குத்தான் விமான டிக்கெட் மலிவாகக் கிடைத்தது. போன் செய்து, ஊருக்குப் போய்வந்து பார்த்துக்கொள்கிறேன் என்று தள்ளிப்போட்டேன்.

3

அண்ணன் ஏழுமலைக்குத் திருவண்ணாமலையை ஒட்டிய வேங்கிக்காலில் அரசாங்க அலுவலகம் ஒன்றில் வேலை. வீடும் அங்கேதான். அண்ணி அமுதா, செங்கம் ரோட்டில் ரமணாசிரமம் பக்கத்துச் சந்து ஒன்றில் நான்கு மேசை போட்டு டிபன் கடை நடத்துகிறார். இட்லி, பொங்கல், கேழ்வரகுக் கூழ். குளிர்காலத்தில் அறை எடுத்துத் தங்கும் வெள்ளைக்காரர்கள்தான் அவருக்குப் பாதி வியாபாரம். ஒரு இத்தாலியப் பாட்டியம்மா ஏழு வருடமாகக் காலை டிபனை அங்கேதான் சாப்பிடுகிறார் என்று அண்ணி பெருமையாகச் சொல்வார்.

போய் இறங்கிய இரண்டாம் நாள் கடைக்குப் போனேன். பையில் தெர்மாமீட்டர் இருந்தது. விளையாட்டாகத்தான் எடுத்தேன் என்று இப்போது சொன்னால் நானே நம்பமாட்டேன். சாம்பார் அடுக்கில் குத்திப் பார்த்தேன்.

"அம்பத்தெட்டு. எங்க ஊர்லன்னா இதைக் கொட்டிடணும் அண்ணி."

"கொட்டிட்டா ஜனங்க எதைத் தொட்டுக்கறது?" என்று சிரித்துக்கொண்டே அடுப்பைக் கூட்டி வைத்தார்.

பௌர்ணமிக்குக் கிரிவலம் போய்விட்டு வந்தேன். மறுநாள் தொண்டை கட்டியது. வழியெல்லாம் தூசி, அதனால்தான் என்று நினைத்துக்கொண்டேன். அடுத்த நாள் எச்சில் விழுங்க முடியவில்லை. வாய்க்குள் புண். மாலைக்குள் காய்ச்சல் அனலாகக் கொதித்தது. பிறகு வயிற்றின் வலது பக்கம் கீழே பிடித்துக்கொண்டது பாருங்கள், நிமிர முடியவில்லை. பேதி. பக்கத்து கிளினிக்கில் ஃபுட் பாய்சன் என்று ஊசி போட்டார்கள். டைபாய்டாகவும் இருக்கலாம், ரத்தம் பார்த்துவிடுங்கள் என்றார்கள்.

கிளினிக் பெஞ்சில் பத்துப் பதினைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். என்னைத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்தது அண்ணிதான். அவர் கையைத் தட்டிவிட்டு நான் சத்தமாகவே சொன்னேன்: "அன்னிக்கே சொன்னேன்ல? உங்க கடைச் சாப்பாடுதான். என்னைக் கொன்னுட்டீங்க அண்ணி."

பெஞ்சில் இருந்த எல்லோரும் அண்ணியைத் திரும்பிப் பார்த்தார்கள். அண்ணியோ, நான் தட்டிவிட்ட கையை மறுபடி என் தோளில் வைத்து, "எழுந்திரு. லேப் பக்கத்துலதான். நடக்க முடியுமா?" என்றார்.

லேபில் காத்திருந்தபோது நிதினுக்கு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினேன். அத்தை கடையில் சாப்பிட்டேன், அதனால்தான் இப்படிக் கிடக்கிறேன் என்று அழுதுகொண்டே பேசினேன். கடையின் பெயரையும் சொன்னேன். எதற்குச் சொன்னேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

4

அந்த லேபை நடத்துகிற பெண்ணின் பெயர் பர்வீன். முப்பது வயதிருக்கும். ரத்தம் எடுத்துக்கொண்டு எங்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டு அரை மணி நேரத்தில் அண்ணி போனுக்கே கூப்பிட்டாள். இன்னொரு தடவை ரத்தம் வேண்டும், தானே வீட்டுக்கு வருகிறேன் என்றாள். ஸ்கூட்டியில் வந்து எடுத்துக்கொண்டு போனாள். மறுபடி போன். அண்ணி ஸ்பீக்கரில் போட்டார்.

"அக்கா, முதல்ல மெஷின் தப்பா காட்டுதுன்னு நெனைச்சேன். வெள்ளையணு ஆயிரத்துக்கும் கம்மியா வந்துச்சு. அதான் ரெண்டாவது தடவை எடுத்து, ஸ்லைடு போட்டு நானே மைக்ராஸ்கோப்புல பார்த்தேன். இவ்ளோ காய்ச்சல் இருந்தா நியூட்ரோஃபில்னு ஒரு செல்லு கூட்டம் கூட்டமா இருக்கணும்க்கா. கிருமியத் தின்னு கொல்றது அதுதான். ஸ்லைடு முழுக்கத் தேடிட்டேன். ஒண்ணுகூட இல்ல."

அண்ணிக்கு அது புரிந்ததா என்று தெரியாது. "ஒண்ணுகூட இல்லன்னா என்ன பர்வீனு?" என்று மட்டும் கேட்டார்.

"ஒடம்புல கிருமிய எதிர்க்க ஆளே இல்லன்னு அர்த்தம். டைபாய்டுன்னு இங்க வெச்சுகிட்டு இருக்காதீங்க. ஒடனே வேலூருக்குப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. அவங்க என்ன மாத்திரை சாப்பிடறாங்க?"

"நான் ஒண்ணும் சாப்பிடறதில்லை" என்றேன். தைராய்டு மாத்திரை எல்லாம் ஒரு மாத்திரையா என்ற நினைப்பு.

அண்ணி என் கைப்பையை அப்படியே கட்டிலில் கவிழ்த்தார். சானிடைசர் பாட்டில், பாஸ்போர்ட், தெர்மாமீட்டர் எல்லாம் உருண்டன. மாத்திரைப் பெட்டி அகப்பட்டது. ஜெர்மன் எழுத்தைக் கூட்டிக் கூட்டிப் படித்தார். "கார்... பி... மசோல்."

போனில் பர்வீன் அவசரமாகச் சொன்னாள்: "அக்கா, இன்னிக்கு மாத்திரை குடுத்துட்டீங்களா? இனிமே ஒண்ணுகூடக் குடுக்காதீங்க. பெட்டியக் கையோட எடுத்துக்குங்க. மொதல்ல டாக்டர்கிட்ட அதைக் காட்டுங்க."

அண்ணன் கார் பிடித்து வந்தார். வேலூர் போகும் வரை அண்ணி என் தலையை மடியில் வைத்திருந்தார். அவர் கையில் அந்தப் பெட்டி இருந்தது.

5

என்னைத் தனி அறையில் போட்டார்கள். உள்ளே வருகிற எல்லோரும் முகக்கவசமும் கையுறையும் போட்டுக்கொண்டு வந்தார்கள். பழம் வேண்டாம், பூ வேண்டாம், பார்க்க ஆள் வேண்டாம். ஸ்கேனில் பெருங்குடல் தொடங்குகிற இடத்தில் சுவர் வீங்கித் தடித்திருந்தது. வாய் வழியாக எதுவும் கொடுக்காமல், நரம்பில் மருந்து ஏற்றினார்கள். எலும்பு மஜ்ஜையைத் தூண்டிவிட தினமும் ஒரு ஊசி.

மூன்றாம் நாள் கொஞ்சம் தெளிந்தபோது, என்னைப் பார்த்துக்கொண்ட டாக்டரம்மாவிடம் கேட்டேன். "எந்தச் சாப்பாட்டுல இருந்து வந்துச்சு டாக்டர்?"

"எந்தச் சாப்பாட்டுல இருந்தும் வரலைங்க. ரத்தத்துல வளர்ந்த கிருமிய டெஸ்ட் பண்ணிட்டோம். எல்லார் குடல்லயும் சாதாரணமா குடியிருக்கிறது அது. நீங்க ஜெர்மனில இருந்து வரும்போதே உங்ககூட வந்ததுதான்."

டாக்டரம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"குடலோட உள்சுவர் எவ்ளோ தடிமன் இருக்கும்னு நெனைக்கறீங்க? ஒரே ஒரு வரிசை செல்லு. அந்தப் பக்கம் கோடி கோடியா பாக்டீரியா, இந்தப் பக்கம் உங்க ஒடம்பு."

"அப்போ எல்லாருக்கும் உள்ள வந்துடாதா?"

"அப்பப்ப ஒண்ணு ரெண்டு வந்துகிட்டேதான் இருக்கும். சுவருக்கு அடியிலேயே மேக்ரோஃபேஜ்னு ஒரு செல்லு உட்கார்ந்திருக்குது. வர்றதை அங்கேயே முழுங்கிடும். கொஞ்சம் ஜாஸ்தியா வந்துட்டா, ஆள் வேணும்னு ரத்தத்துக்குத் தகவல் அனுப்பும். நியூட்ரோஃபில் எல்லாம் ரத்தக்குழாய விட்டு எறங்கி அந்த எடத்துக்கு ஓடும். கிருமியத் தின்னு கொன்னுட்டு தானும் செத்துடும். தடுப்பூசி போட்டு ஒடம்பு கத்துக்கிற பாதுகாப்பு வேற. இது பொறக்கும்போதே கூட வர்றது. யாரும் சொல்லிக் குடுக்க வேண்டியதில்ல. நாம இட்லி சாப்பிடும்போதும் தூங்கும்போதும் இந்த வேலை நடந்துகிட்டே இருக்குது. உங்களுக்கும் தகவல் போச்சு. வர்றதுக்குத்தான் ஆள் இல்ல."

"எங்க போச்சு எல்லாம்?"

"அதுங்களுக்கு ஆயுசு கம்மி. ரத்தத்துல ஒரு நாள் இருந்தா ஜாஸ்தி. மஜ்ஜை நிறுத்தாம புதுசு புதுசா செஞ்சு அனுப்பணும். இந்த மாத்திரை ரொம்பக் கொஞ்சம் பேருக்கு அந்த உற்பத்தியையே கெடுத்துடும். அதனாலதான் தொண்டை வலியோ காய்ச்சலோ வந்தா ஒடனே ரத்தம் பார்க்கச் சொல்லுவாங்க. உங்க டாக்டர் சொல்லலையா?"

சொல்லவில்லை என்றுதான் வாய் வரை வந்தது. பெட்டியில் மடித்திருந்த தாளை எடுத்துத் தரச் சொன்னேன். பதினெட்டு வருடம் அந்த நாட்டில் இருந்தும், ஒரு மருந்துத் தாளைக்கூட நான் முழுதாகப் படித்ததில்லை. காய்ச்சல், அடுத்து 'ஹால்ஸ்ஷ்மெர்ட்ஸன்', இரண்டில் எது வந்தாலும் உடனே டாக்டரிடம் போகவும் என்று தடித்த எழுத்தில் போட்டிருந்தது.

டாக்டர் சொல்லியிருந்தார். அந்த வார்த்தையே ஞாபகத்துக்கு வந்தது. ஜெர்மன் மொழியில் 'ஹால்ஸ்' என்றால் கழுத்து, 'ஷ்மெர்ட்ஸன்' என்றால் வலி. கழுத்துச் சங்கிலிக்கு அந்த வார்த்தைதான், கழுத்தில் சுற்றும் துணிக்கும் அதுதான். கழுத்தில் இருக்கிற சுரப்பிக்கு மாத்திரை கொடுத்துவிட்டு, கழுத்து வலித்தால் வா என்கிறார் என்று நான் எடுத்துக்கொண்டேன். அவர்களுக்குத் தொண்டையும் அதே 'ஹால்ஸ்'தான். இது எனக்குத் தெரியாத விஷயமும் இல்லை. குளிர்காலத்தில் சமையலறையில் வாரம் ஒருத்தியாவது தொண்டை வலி என்று இந்த வார்த்தையைச் சொல்லித்தான் லீவு போடுவாள். டாக்டர் எதிரில் உட்கார்ந்து, கேட்காமலே கேட்டதாகத் தலையாட்டியபோது அது நினைவுக்கு வரவில்லை. தொண்டை கட்டிக்கொண்டு எச்சில் முழுங்க முடியாமல் கிடந்த இரண்டு நாளும் கழுத்தைத் தடவிப் பார்த்து, வலி இல்லை என்று தைரியமாக மாத்திரையை விழுங்கியிருக்கிறேன்.

6

ஆறாம் நாள் நியூட்ரோஃபில் தலை காட்டியது. முதலில் கொஞ்சம், மறுநாள் அதைவிட ஜாஸ்தி. காய்ச்சல் இறங்கியது. கஞ்சித் தண்ணீர் கொடுத்தார்கள். பிழைத்துவிட்டீர்கள் என்று டாக்டரம்மா சொன்ன அன்றைக்கு அண்ணன் மட்டும் வந்திருந்தார்.

"அண்ணி எங்கண்ணா? கடையில கூட்டமா?"

அண்ணன் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். "கடை இல்லம்மா. மூடி அஞ்சு நாள் ஆச்சு."

"ஏன்?"

"உனக்கு ஒடம்பு தேறட்டும்னு சொல்லாம இருந்தேன். போன்ல மேப்புல நம்ம கடைக்கு ஒரு ஸ்டார் குடுத்து எழுதிட்டாங்க. எங்கம்மா இங்க சாப்பிட்டு ஆஸ்பத்திரியில சாகக் கெடக்கறாங்க, யாரும் போகாதீங்கன்னு. இங்கிலீஷ்ல ஒண்ணு, ஜெர்மன்ல ஒண்ணு. வெள்ளைக்காரங்க குரூப்புல எல்லாம் அது சுத்திடுச்சு. அந்த இத்தாலிப் பாட்டிகூட வரலை. அப்புறம் ஃபுட் சேஃப்டி ஆபீஸ்ல இருந்து வந்து தண்ணியும் மாவும் டெஸ்டுக்கு எடுத்துட்டுப் போனாங்க. ரிப்போர்ட் வர்ற வரைக்கும் தொறக்க வேணாம்னு அமுதாவே சாத்திட்டா."

"யார் எழுதுனது?"

அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்தார். அவர் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

நிதினைக் கூப்பிட்டேன். "ஏன்டா எழுதுன?"

"நீங்கதானே சொன்னீங்க மம்மா" என்றான் ஜெர்மனில். "நீங்க அழுதீங்க. கடை பேரு சொன்னீங்க. இன்னொருத்தர் அங்க சாப்பிட்டு சாகக் கூடாதுன்னு எழுதினேன். நீங்க சொன்னதை விட ஒரு வார்த்தைகூட நான் சேர்க்கலை."

அது உண்மை. அவனைப் பொறுத்தவரை அந்தக் கடை மேப்பில் ஒரு சிவப்புப் புள்ளி. அந்தப் புள்ளிக்குப் பின்னால் நிற்பது தன்னைக் குழந்தையில் இடுப்பில் வைத்திருந்த அத்தை என்பது அவனுக்கு உறைத்திருக்காது. அது உறைக்கிற மாதிரி நான் வளர்க்கவில்லை. அவனைத் திட்ட எடுத்த வாயை மூடிக்கொண்டேன்.

எல்லாவற்றையும் அவனிடம் முதலிலிருந்து சொன்னேன். மாத்திரை, கழுத்து, தொண்டை, பர்வீன் எல்லாம். அவன் உடனே தான் எழுதியதை அழித்தான். அழித்தால் போதாது, நடந்ததை எழுது என்றேன். அம்மாவுக்கு வந்தது மருந்தினால், கடையினால் இல்லை, நான் எழுதியது தவறு என்று இரண்டு மொழியிலும் போட்டான். அது எத்தனை பேர் கண்ணில் பட்டதோ தெரியாது.

அன்றைக்கே அத்தைக்கும் போன் செய்தான். அதைப் பிற்பாடு அண்ணன் சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு படித்தானாம். "அத்தை, நான் நிதின். நான் தப்பு எழுதிட்டேன். என்னை மன்னிச்சுக்கோ." மரியாதை விகுதி போடக்கூட அவனுக்குத் தெரியவில்லை. அண்ணி, "சாப்பிட்டியாடா?" என்று மட்டும் கேட்டாராம். அதற்குப் பதில் அந்தத் தாளில் இல்லாததால் அவன் திணறிப்போய் போனை வைத்துவிட்டானாம்.

7

தண்ணீரிலும் மாவிலும் ஒன்றுமில்லை என்று ரிப்போர்ட் வந்து அண்ணி கடையைத் திறந்த வாரம், எனக்கும் ஜெர்மனிக்குத் திரும்ப நாள் வந்துவிட்டது. கிளம்புவதற்கு முந்தைய நாள் காலை கடைக்குப் போனேன். நான்கு மேசையில் ஒன்றில்தான் ஆள் இருந்தது. நான் போய் உட்கார்ந்தேன்.

"அண்ணி, நாலு இட்லி."

அண்ணி அசையவில்லை. "வீட்டுல சாப்பிட்டுக்கலாம், போ."

"இங்கதான் வேணும்."

"டாக்டரக் கேட்டியா?"

"கேட்டுட்டேன். எல்லாம் சாப்பிடலாம்னுட்டாங்க."

"எனக்கு பயமா இருக்குது கலா" என்றார். கையிலிருந்த கரண்டியை ஓரமாக வைத்துவிட்டார். "என் கையால போட்டு உனக்கு மறுபடி ஏதாச்சும் ஆனா, நான் எங்க போய் நிப்பேன்?"

போகிற வருகிறவர்களை எல்லாம் கூப்பிட்டு உட்காரவைத்துச் சோறு போடுகிற மனுஷி. அவருக்கு ஒரு இட்லியை எடுத்து என் தட்டில் வைக்கக் கை வரவில்லை. ஆஸ்பத்திரியில் கேட்ட எதுவும் என்னை இப்படி அடிக்கவில்லை. மன்னிப்பு கேட்பதற்காக வழியெல்லாம் மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்த வார்த்தைகள் ஒன்றும் வாயில் வரவில்லை. எழுந்து போய் நானே இட்லிச் சட்டியைத் திறந்து நான்கு எடுத்து வைத்தேன். சாம்பாரை ஊற்றிக்கொண்டேன். அண்ணி எதிரில் நின்றுகொண்டே சாப்பிட்டேன். கடைசி வாய் போகும்வரை அவர் அந்த இடத்தை விட்டு நகரவில்லை. பக்கத்து மேசைக்காரர் காபி கேட்டதும் அவர் காதில் விழவில்லை.

நான் இங்கே வந்து சேர்ந்தேன். மறுநாளும் அண்ணியிடமிருந்து போன் இல்லை, அதற்கு மறுநாளும் இல்லை. நான் செய்தாலும் அண்ணன்தான் எடுத்தார். இனி பேசவே மாட்டார் என்று முடிவு செய்துகொண்டேன். ஐந்தாம் நாள் வேலை முடிந்து டிராமுக்காக நின்றபோது மணி அடித்தது. அண்ணி.

"காய்ச்சல் கீய்ச்சல் இருக்குதா?"

"இல்ல அண்ணி."

"வயிறு?"

"நல்லா இருக்குது."

"பேதி ஒண்ணும் இல்லியே? நெஜமாத்தானே சொல்ற?"

"நெஜமாத்தான் அண்ணி. ஒண்ணுமே இல்ல."

அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு கேட்டது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருகிற சத்தம் கேட்டது.

"சரி. அப்போ இப்ப கேளு" என்று ஆரம்பித்தார். "அத்தனை பேர் முன்னாடி என்னைப் பார்த்து அந்த வார்த்தை சொன்னியே, உனக்கு எப்படிடி வாய் வந்துச்சு?"

என் டிராம் வந்தது. நான் ஏறவில்லை. அடுத்ததும் வந்து போனது. பனியில் விரல் மரத்துப்போய், போனைக் கை மாற்றிக்கொண்டு, அவர் சொல்லி முடிக்கும் வரை ஒரு வார்த்தை விடாமல் கேட்டுக்கொண்டு நின்றேன்.